படகுக்குள் நான் காலி செய்த இடம்

கபட், அலுமாரி வேலை பழக வருகிற தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது அளவு எடுக்கிற விதத்தைப் பற்றித்தான். அளவில் நான் பெரிதாகப் பிழை விட்டது கிடையாது. தலவாக்கலையிலும் ஹட்டனிலும் நான் செய்துகொடுத்த கடை அலுமாரிகளும் குசினிக் கபட்டுகளும் இன்றைக்கும் கதவு உரசாமல் மூடுகின்றன. என் வாழ்க்கையின் ஆகப் பெரிய பிழை, அளவெல்லாம் துல்லியமாக எடுத்துச் செய்த ஒரு வேலையில்தான் நடந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகியிருந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவர் குமரேசன் முதலாளி. அவர் கடையின் அலுமாரிகள் முழுவதும் என் கைவேலை. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒரு பழைய பங்களா கைமாறியபோது, அங்கே ஷெட்டில் கிடந்த சின்னப் பாய்ப்படகை அவர் வாங்கிவிட்டார். பதினாறு அடி நீளம், ஃபைபர் உடம்பு, நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் கனத்த இரும்புத் தகடு, ஒரு கம்பம், ஒரு பாய். படகு அவருடைய வயதுக்குக் கொஞ்சம்தான் இளையது. பங்களாவில் வேலை செய்த படகுக்காரரிடம் சில மாதம் பழகி, ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

தனியாகப் போகும்வரை பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் பத்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வரலாம் என்று ஆரம்பித்தபோதுதான் இடம் போதவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இங்கே தச்சன், மேசன் எல்லோருக்கும் பாஸ் என்றுதான் பெயர்.

"பாஸ், சட்டிய வச்சா உக்கார இடமில்ல. உக்காந்தா சட்டி வைக்க இடமில்ல. விரிக்கிற பாயி, அடுப்பு, புள்ளயோட மாத்துத்துணி எல்லாம் காலுக்குள்ள கெடக்குது. நீங்கதான் ஏதாவது செய்யணும்" என்றார்.

நான் அதுவரை படகில் ஏறியதே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். நீச்சல் தெரியாது. ஆனால் கரையில் ஏற்றி வைத்த படகு எனக்கு ஒரு நீளமான அலுமாரி மாதிரித்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் உட்காரும் பலகை. அதன் கீழே அடைத்து மூடிய பெட்டி. முன்பக்க மூக்கிலும் அதே மாதிரி அடைப்பு. தட்டிப் பார்த்தேன். இவ்வளவு இடத்தை அடைத்து வைத்துக்கொண்டு இடமில்லை என்கிறாரே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தால், உள்ளே முழுக்க ரெஜிபோம். டிவி வாங்கினால் பெட்டிக்குள் சுற்றிலும் வைத்து வருமே, அந்த வெள்ளைச் சாமான்தான். பெரிய பெரிய கட்டிகள், மஞ்சள் பூத்துப்போய், ஓரங்களை எலி கொறித்து வைத்திருந்தது. படகு வந்தபோது உடையாமல் இருக்க வைத்த பொதி, எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நானே முடிவு செய்தேன். எட்டுக் கட்டிகளையும் உருவி வெளியே போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கரையோரத்தில் குடியிருக்கும் நிமல் என்ற மீன்காரர் அந்தக் கிழமை முழுக்க ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று கேட்டால், இல்லை. பலகை வேலையில் எனக்குத் தெரியாதது என்ன என்ற எண்ணம் எனக்கு.

வேலை அருமையாக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் வீட்டுச் சோற்றுப் பானையையே கொண்டுவரச் சொல்லி, அதன் வயிற்றைச் சுற்றி அளந்து அதற்கென்று ஒரு குழி செய்தேன். அடுப்புக்கு ஒரு அறை. தட்டுகளை நிறுத்தி வைக்க ஒரு அடுக்கு. ஃபோனும் சாவியும் நனையாமல் இருக்க ரப்பர் ஓரம் வைத்த சின்னப் பெட்டி. லைஃப் ஜாக்கெட்டுகள் காலுக்குள் இடறிக்கொண்டிருந்தன. அவற்றை மடித்து, மூக்குப் பக்கத்து அறையில் வைத்து, பித்தளைக் கொண்டி போட்டு மூடினேன். முதலாளியின் மனைவி வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக் குசினியிலகூட இப்படி ஒழுங்கு இல்லீங்க பாஸ்" என்றார்.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ரெஜிபோம் கட்டிகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. முதலாளியின் கடை வேனிலேயே ஏற்றிவந்து எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்குக் கொடுத்தேன். திருவிழா வரப்போகிறது, அலங்காரத்துக்கு மயில் வெட்டவும் எழுத்து வெட்டவும் உதவும் என்று.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனை போகும் பாதையில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே சின்னக் குளம் ஒன்று உண்டு. அங்கே கூட்டமாக இருந்தது, எட்டிப் பார்த்தேன். கமிட்டித் தலைவர் செல்வமும் இன்னும் சில பேரும் நான் கொடுத்த கட்டிகளில் நாலை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, சாமிக்குத் தெப்பம் செய்திருந்தார்கள். தாங்குமா என்று பார்க்க மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தெப்பம் அமிழவில்லை. பிறகு இரண்டு பேர் ஏறி நின்றார்கள். அதற்கும் அது தண்ணீர்மேல் நின்றது.

செல்வம் என்னைக் கண்டதும் கையைத் தட்டினார். "பாஸ், நீங்க குடுத்த சாமான் என்னா தாங்கு தாங்குதுங்க! எதுல இருந்து கழட்டுனீங்க இத?"

"போட்டுல இருந்து" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. படகிலிருந்து. இரண்டு ஆளையும் மணலையும் தண்ணீர்மேல் நிறுத்துகிற சாமானை ஒரு படகுக்குள்ளிருந்து நான் உருவி எடுத்திருக்கிறேன். படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டாலும் அது அடியில் போகாமல் பிடித்து வைப்பதற்காக ஒருவன் யோசித்து அடைத்து வைத்தது அது. அந்த இடத்தில் நான் பானையையும் அடுப்பையும் வைக்கக் குழி செய்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஓடி வீட்டுக்கு வந்து முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. மூன்று தடவை, நாலு தடவை. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஃபோன எடுக்காட்டி இங்கன நின்னு என்னா செய்யப் போறீங்க?" என்றாள். "ஆட்டோவப் புடிச்சுப் போங்க. வெக்கப்படுறத அங்க போய்ப் படலாம்."

ஆட்டோவில் போகும்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் ஓடும். படகு கரையில் கட்டியபடி இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த கிழமை ஏதாவது சாக்குச் சொல்லிப் போய், புது ரெஜிபோம் வாங்கித் திரும்ப அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை. இத்தனை மாதம் தண்ணீர் ஏறாத படகில் இன்றைக்கா ஏறப்போகிறது என்று இன்னொரு யோசனை. இரண்டு யோசனையும் டிக்கோயா வரைக்கும் என்னோடு வந்தன. அங்கே ஒரு கடை வாசலில் சின்னப் பிள்ளைகள் உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சாக்கு எதுவும் யோசிக்க வரவில்லை. "கொஞ்சம் வெரசாப் போங்க தம்பி" என்று மட்டும் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கரைக்குப் போனபோது பத்தரை தாண்டியிருந்தது. கட்டுகிற இடத்தில் படகு இல்லை. தூரத்தில், நடுவையும் தாண்டி, வெள்ளைப் பாய் தெரிந்தது. காலைக் காற்று ஓய்ந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் கையை வாயில் குவித்துக் கத்தப்போனேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நிமல். ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தார். சிங்களவர், தமிழ் பேசுவார், தன் பாணியில்.

"பாஸ், என்ன அவசரம்?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை.

"கத்த வேணாம். கத்தினா அவங்க எழும்பித் திரும்பிப் பாக்கிறது. எழும்பினா போட் சாயுறது. இப்ப காத்து இல்ல. பன்னண்டு மணிக்கு அந்த மலை இடுக்கால காத்து வாறது. அதுக்கு முன்னால நாங்க போவோம்."

அவருடைய வள்ளத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட் இருந்தன. வீட்டுப் பக்கத்திலிருந்து மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன்கள் ஆறு ஏழு எடுத்துக் கயிற்றில் கோத்தார். "ஏறுங்க" என்றார். எனக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். அவர் போய்ச் சொன்னால் போதாதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவர் என்ன சொன்னாலும் முதலாளி, 'எங்க பாஸ் செஞ்ச வேலைங்க, ஒண்ணும் ஆகாது' என்றுதான் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை உடைக்க நானேதான் போக வேண்டும். ஏறினேன். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் நிமலின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன்.

பக்கத்தில் போனதும் முதலாளி சிரித்தார். "என்னா பாஸ், சாப்பாட்டுக்கு வந்துட்டீங்களா?"

வழியெல்லாம் நான் நினைத்து வைத்திருந்தது, முதலில் பெண்ணையும் பிள்ளையையும் ஜாக்கெட் போடச் சொல்ல வேண்டும் என்பது. "அக்கா, முன்னாடி இருக்கிற கதவத் தொறந்து..." என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்தினேன். அந்தக் கதவைத் திறக்க அவர் பானை, விரிக்கிற பாய், தண்ணீர்க்கேன் எல்லாவற்றையும் தாண்டி, மூக்குப் பக்கம் தவழ்ந்து போக வேண்டும். முன்பக்கம் அமுங்கும். எவ்வளவு அழகாக மடித்து, கொண்டி போட்டு, ஆபத்தில் எடுக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறேன் பாருங்கள். ஃபோனும் அப்படித்தான். நான் செய்த ரப்பர் பெட்டிக்குள் இருந்துகொண்டு யாருக்கும் கேட்காமல் அடித்திருக்கிறது.

"இல்லீங்க அக்கா, அசையாதீங்க. அப்படியே உக்காருங்க. இதப் போட்டுக்கங்க, பாப்பாவுக்கும் போட்டு விடுங்க" என்று நிமலின் ஜாக்கெட்டுகளை நீட்டினேன்.

அப்போதுதான் முதலாளியின் சிரிப்பு நின்றது. "என்னா விசயம்?"

"நான் ஒரு பிழை செஞ்சிட்டேன் முதலாளி. சீட்டுக்குக் கீழ இருந்த வெள்ளக் கட்டிகள எடுத்துப் போட்டேனே, அதுதான் இந்தப் போட்ட முழுகாம வச்சிருந்தது. இப்ப உள்ள தண்ணி ஏறினா இது நிக்காது. அடிக்குப் போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். எனக்குத் திரும்பிப் போகத்தான் மனம் சொன்னது, ஆட்டோ கொண்டுவந்து விட்ட கரைக்கு, தெரிந்த கரைக்கு. "திருப்புங்க, போயிருவோம்" என்றேன். நிமல் தலையை ஆட்டினார். "எந்தக் கரை கிட்ட, அந்தக் கரை" என்றார். அக்கரைதான் கிட்டத்தில் இருந்தது. பாயை இறக்கினார்கள். கேன்களை இரண்டு பக்கமும் கட்டினோம். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டே கட்டியதில் எனக்கு முடிச்சு விழவில்லை. பாப்பா குனிந்து, "நான் கட்டுறேன் மாமா" என்று வாங்கிக் கட்டினாள். பிறகு நிமல் துடுப்புப் போட, படகை மெதுவாக இழுத்துக்கொண்டு போனோம்.

படகின் அடி மண்ணில் தட்டிய சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு இளகும். பிள்ளை குதித்து இறங்கி ஓடினாள். சாமான் எல்லாவற்றையும் கரையில் ஏற்றி முடிக்கவும், மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கவும் சரியாக இருந்தது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பியது. நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலாளி வியாபாரி. கண்ணால் காணாததை நம்ப மாட்டார். "பாத்துருவோம்" என்றார். கேன்களை அவிழ்த்துவிட்டு, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் படகை நிறுத்தி, நானும் அவரும் நிமலும் சேர்ந்து ஒரு பக்கத்தை அமுக்கினோம். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. நான் செய்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பெட்டிகளுக்குள் தண்ணீர் போகப் போகப் படகு எங்கள் கையை விட்டு நழுவிக் கீழே போனது. கடைசியில் கம்பம் மட்டும் சாய்ந்து வெளியே நின்றது.

முதலாளி தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி கரையில் மகளின் கையைப் பிடித்திருந்தார். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். ஏசியிருந்தால் நியாயம்தான்.

"இத நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது பாஸ்" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"அப்பறம் ஏன் சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே" என்றேன்.

அவர் ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கண்ணும் நனைந்திருந்தது. அதற்குள் அவர் மனைவி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். காற்று அடங்கும் வரை எங்களுக்கும் போக வழியில்லை. சோறும், கருவாட்டுக் குழம்பும், பொரித்த அப்பளமும். மூழ்கின படகை எடுத்து, தண்ணீரை இறைத்து, ஈர உடுப்போடு உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இரண்டு தடவை சோறு போடச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். பசி அப்படி.

சாப்பிடும்போதுதான் அந்த அக்கா ஒன்று சொன்னார். "ஏங்க, இந்தப் பானையும் அடுப்பையும் வாரா வாரம் எதுக்கு இங்கிட்டும் அங்கிட்டும் தூக்கணும்? சமைக்கிறது இந்தக் கரையிலதானே. இங்கனயே ஒரு பெட்டி செஞ்சு வச்சிட்டா என்னா?"

நான் கையில் சோற்றோடு அவரைப் பார்த்தேன். ஆறு நாள் அந்தப் படகுக்குள் குனிந்து நிமிர்ந்து அளந்தவன் நான். இந்தப் பானை படகில் ஏறத்தான் வேண்டுமா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. இடம் போதவில்லை என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், டேப்பை எடுக்குமுன் இதைக் கேளுங்கள். இரண்டாவது, ஒரு இடம் அடைத்திருந்தால், யார் எதற்காக அடைத்தார்கள் என்று தெரியும்வரை ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். அது படகாக இருந்தாலும் சரி, பழைய வீட்டுச் சுவராக இருந்தாலும் சரி. மூன்றாவதையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்குத் தேவையான சாமானை அழகுக்காக உள்ளே வைக்காதீர்கள். கண்ணுக்கு அசிங்கமாக இருந்தாலும் கைக்கு எட்ட வேண்டும்.

பிறகு அந்த வேலையைத் திரும்பச் செய்தேன். கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க மனம் வரவில்லை, பாதியை ஏற்கனவே மயிலாக வெட்டியிருந்தார்கள். ஹட்டனில் புதுக் கட்டிகள் வாங்கி, இந்தத் தடவை நிமலைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை அடைத்தேன். சீட்டின் ஓரம் நீளத்துக்குத் தார்ப்பாலின் துணியில் பைகள் தைத்துத் தொங்கவிட்டோம். துணி, தட்டு, ஃபோன் எல்லாம் அதற்குள். லைஃப் ஜாக்கெட்டுகளை வைக்க இடமே செய்யவில்லை, ஏறும்போதே போட்டுக்கொள்ள வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டுவிட்டார். அக்கரையில் தகரம் அடித்த ஒரு பெட்டிக்குள் பானையும் அடுப்பும். அடைத்து முடித்ததும், நானே கேட்டு, படகைத் திரும்பத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பியும் அது கீழே போக மாட்டேன் என்று நின்றது. பாப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்குக் காற்று அடங்கியது. படகை அக்கரையிலேயே கட்டிவிட்டு, நிமல் தன் வள்ளத்தில் எல்லோரையும் இரண்டு தடவையாக இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆட்டோவை நான் காலையிலேயே அனுப்பிவிட்டேன். முதலாளி தன் வண்டியில் ஹட்டன் வரை கொண்டுவந்து, டயகம பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஈரக் கால்சட்டை இன்னும் காயவில்லை. பஸ் கிளம்பியது மட்டும்தான் தெரியும்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண் விழித்தால் பஸ்ஸில் ஒருவருமில்லை. கண்டக்டர் தம்பி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, டயகம வந்துருச்சுங்க. எங்க எறங்கணும் நீங்க?"

தலவாக்கலையும் போய், என் தோட்டமும் போய், அக்கரப்பத்தனையும் போய், கடைசித் தரிப்பிடம் வரைக்கும் நான் தூங்கியிருக்கிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவிக்கு ஃபோன் எடுத்தேன்.

"எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்றாள், எடுத்தவுடனே.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. நான்தான் டயகமயில இருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு கண்டக்டர் தம்பிக்கும் கேட்டிருக்கும். அவரும் சிரித்துக்கொண்டே, "அப்படியே உக்காருங்க ஐயா, திரும்பிப் போறப்ப எறக்கி விடுறேன்" என்றார். உட்கார்ந்தேன்.